அனுமதிக்கப்பட்ட வருத்தம்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லிவைத்தவர்கள் தலைவலி நிலையத்தைப் பார்க்காதவர்கள். அந்த நிலையத்தில், யாருக்குத் தலைவலி வந்ததோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதைப் பற்றித் தெரியும். எங்கே வலிக்க வேண்டும், அங்கே வலித்தால் எவ்வளவு வருந்தலாம், எந்த அளவுக்கு மேல் வருந்தினால் அது ஒழுங்கீனம் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். நோயாளி செய்ய வேண்டியது தலையைக் கொண்டுவருவது மட்டும்தான்.

சாவிக்காரருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பார். போவதற்கு வேறு இடம் இல்லை.

அவர் பூட்டுகளுக்குச் சாவி வெட்டுகிறவர். நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில் கடை. அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வீடு. பித்தளைச் சாவியை இயந்திரத்தில் பிடித்துப் பல் வெட்டும்போது எழும் கிரீச்சொலி, கேட்கிறவர்களின் பல்லைக் கூசவைக்கும். மேலே படுத்திருக்கும் அவர் மனைவிக்கு அது பல்லோடு நிற்காது. அதனால் அவளுக்குத் தலைவலி வந்த நாளில் அவர் இயந்திரத்தை ஓடவிடுவதில்லை. சாவியைத் தொலைத்துவிட்டு, பூட்டிய வீட்டு வாசலிலிருந்து ஓடிவருகிறவர்களிடம், நாளைக்கு வாங்க என்று சொல்வார். அதுவரைக்கும் எங்கே இருப்பது என்று அவர்கள் கேட்பார்கள். அவர் இயந்திரத்தின் மேல் துணியைப் போர்த்துவார்.

குழந்தை பிறந்த பிறகு வந்த வலி அது. சில நாள் இடப்பக்கம், சில நாள் வலப்பக்கம், சில நாள் காலையில் ஒரு பக்கம் ஏறி மாலையில் மறுபக்கம் இறங்கும். வந்துவிட்டால் ஜன்னலுக்குக் கனத்த துணியைப் போட்டுவிட்டு உள்ளறையில் சுருண்டு கிடப்பாள். வெளிச்சம் ஆகாது, வாசனை ஆகாது, சத்தம் ஆகவே ஆகாது. வாரத்தில் பாதி நாள் அந்த வீட்டுக்குப் பகல் வருவதில்லை.

குழந்தையை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். ஐந்து வயது முடிந்திருந்தது. அவள் கதவைச் சாத்தும்போது இடுக்கில் தன் சுண்டுவிரலை வைத்துத்தான் சாத்துவாள். கதவு இடிக்கும் சத்தம் கேட்காது, விரல்தான் கன்றிப்போகும். பொம்மைகளுக்காக அவள் பேசுவது உதட்டசைவில்தான். இரண்டு பொம்மைகள் சண்டை போட்டால் அவள் உதடுகள் வேகமாக அசையும், அவ்வளவுதான் சண்டை. கீழே விழுந்து அடிபட்டால் முதலில் உள்ளறையைத் திரும்பிப் பார்ப்பாள். பிறகு வாயை முழுக்கத் திறந்து, கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, ஒரு சத்தமும் இல்லாமல் அழுவாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் சாவிக்காரருக்கு மனது இவ்வளவு கனத்திருக்காது.

மழலையர் வகுப்பு முடிகிற நாளில், பிள்ளைக்குப் பேச்சு வராதா என்று ஆசிரியை சாவிக்காரரைக் கேட்டாள். பேசாத பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகவும் சொன்னாள். அந்தச் செய்தி எப்படியோ ரயிலேறிப் போய், தூரத்து ஊரில் இருந்த சாவிக்காரரின் அக்கா காதை எட்டியது. அடுத்த வாரமே அவள் வந்து இறங்கினாள்.

"தம்பி, உன் பொண்டாட்டி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. அவ என்ன வேணும்னா படுத்துக் கிடக்கறா?" என்றாள் அக்கா, முடிந்தவரை குரலை அடக்கிக்கொண்டு. அவளுக்கு அடங்கிய குரல் என்பது மற்றவர்களுக்குச் சாதாரணக் குரல். "ஆனா பிள்ளை பிள்ளையா வளர வேணாமா? நான் வந்து ரெண்டு நாளாச்சு, அது சிரிச்சு நான் கேக்கல. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயி என் வீட்டுப் பக்கத்துல சேத்துடறேன்."

உள்ளறையில் இருந்தவள் எழுந்துவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதுக்குள்ள சரியாயிடும் அண்ணி," என்றாள், கையெடுத்துக் கும்பிடாத குறையாக.

சரியாவதற்கு ஓர் ஊசி இருந்தது. சாவிக்காரரிடம் அலமாரிச் சாவி வெட்ட வந்த ஒருவர் சொன்னார்: தன் மனைவிக்குத் தலைவலி நிலையத்தில் ஊசி போட்டார்களாம், மாதக்கணக்கில் வலி எட்டிப் பார்க்கவில்லையாம். சாவிக்காரர் அந்தச் சாவியைக் கோணலாக வெட்டிவிட்டார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

பக்கத்து வீட்டில் குட்டியை விட்டுவிட்டு, வலி வந்த ஒரு காலையில் மனைவியை அழைத்துக்கொண்டு போனார். வலி இல்லாத நாளில் போனால் பார்க்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

நிலையத்தின் முகப்பு மேசைமேல் ஒரு மண் தலை இருந்தது. மொட்டைத் தலை. அதில் கோடு போட்டு, வயலுக்கு வரப்பு கட்டினதுபோல் பிரித்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள், ஒரே ஒரு விரலால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். சாவிக்காரர் மனைவி உள்ளங்கையால் தலையின் இடப்பக்கத்தைப் பொத்திக் காட்டினாள். உள்ளங்கை செல்லாது என்றாள் அந்த அம்மாள். உள்ளங்கைக்கு அடியில் மூன்று பிரிவுகள் வருகின்றன.

"நேத்து அந்தப் பக்கம் இருந்துதுங்க. இன்னைக்குதான் இங்க," என்றாள் மனைவி.

"நேத்து வலிச்சது நேத்தோட போச்சும்மா. இன்னைக்கு வலிக்கறதுக்குத்தான் இன்னைக்கு இடம் குடுக்க முடியும்."

அவள் ஒரு விரலை இடப்பக்கம் வைத்ததும், மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டி இடப்பிரிவுக்கு அனுப்பினார்கள்.

நிலையத்தின் அமைப்பை அங்கே காத்திருந்தவர்களிடமிருந்து சாவிக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டார். முதல் மாடி இடப்பக்கத்துக்கு, மஞ்சள் பட்டை. இரண்டாம் மாடி வலப்பக்கத்துக்கு, நீலப் பட்டை. நெற்றிக்குக் கீழ்த்தளம். பிடரிக்குக் கட்டடத்தில் இடமில்லாமல் வெளியே தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பிடரியில் வலிப்பது பிற்பாடுதான் நிலையத்தின் கவனத்துக்கு வந்ததாம். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சி மாடியில், கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறவர்கள். அங்கே மங்கலான விளக்கு, தரையில் கம்பளம், பேசினால் காதோடு காதாகத்தான். ஊசி அங்கே மட்டும்தான் போடுவார்கள்.

மற்ற மாடிகளில் விளக்குகள் பளீரென்று எரிந்தன. வலியைத் தெளிவாகப் பார்ப்பதற்காக அப்படி. அவற்றில் ஒன்றிரண்டு படபடவென்று கண் சிமிட்டின. வரிசை எண்ணை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு எண்ணுக்கு முன்பும் அது ஒரு முறை வீறிட்டு அடங்கியது. தரையைக் கழுவும் மருந்தின் நெடி மூக்கைப் பிளந்தது. தலைவலியோடு வராதவர்களுக்கும் நிலையம் எந்தக் குறையும் வைக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் ஈரத் துண்டு, மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை. அவள்தான் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"கண்ணுக்குப் பின்னாடின்னு சொல்லியிருக்கலாம்ல. நான் வெவரம் தெரியாம உச்சந்தலைன்னு உண்மையைச் சொல்லித் தொலைச்சேன். உச்சந்தலைக்கு வருத்தமே கெடையாதாம். போன வாரம் வண்டியிலயே மயங்கி விழுந்தேன். அதுக்கும் வருத்தப்பட அனுமதி இல்லன்னுட்டாங்க."

இப்போது மாற்றிச் சொன்னால் என்ன என்று கேட்டார் சாவிக்காரர்.

"சொல்லிப் பாத்துட்டேன் அண்ணே. நெஜமாவே கண்ணுக்குப் பின்னாடி வலிக்கறவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு தெளிவாச் சொல்ல வராதாம். தெளிவாச் சொன்னா அது கண்ணுக்குப் பின்னாடி இல்லையாம்."

"தெளிவா சொல்லலன்னா?"

"முகப்பு மேசையிலயே திருப்பி அனுப்பிடுவாங்க."

இடப்பிரிவின் தலைமை மருத்துவர் கூப்பிடுவதற்குள் மதியமாகிவிட்டது. அதற்குள் வலி தன் வழக்கப்படி இடப்பக்கத்திலிருந்து ஊர்ந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. மருத்துவர் விரலால் காட்டச் சொன்னார். அவள் பொய் சொல்லத் தெரியாமல் வலது நெற்றிப்பொட்டைக் காட்டினாள். மருத்துவர் மஞ்சள் பட்டையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், சாவிக்காரரைப் பார்த்தார்.

"வலி நகர்றதில்லம்மா," என்றார் பொறுமையாக. "முப்பது வருஷமா இதைத்தான் படிச்சிட்டிருக்கேன். நோயாளிங்கதான் நகர்றாங்க. பேரே ஒற்றைத் தலைவலி. ஒரு பக்கம் வந்தாதான் ஒத்தை. ரெண்டு பக்கமும் வச்சுக்கணும்னு ஆசைப்பட்டா எப்படி?"

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்து, மேலே அனுப்பினார்.

வலப்பிரிவின் தலைமை மருத்துவர் ஒரு பெண். இடப்பிரிவின் தலைவரான இடத்துக்காரரோடு அவருக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. நிலையம் தொடங்கிய காலத்தில், நடுமண்டை யாருக்குச் சொந்தம் என்று வந்த தகராறு அது. கடைசியில் ஒரு விதி செய்து சமாதானமானார்கள்: வகிடுதான் எல்லை. வகிட்டுக்கு இந்தப் பக்கம் இவருக்கு, அந்தப் பக்கம் அவருக்கு. உச்சியில் ஒரு நாணயம் அகலத்துக்கு மட்டும் பொது நிலம். அதுதான் கண்டக்டரம்மா மாட்டிக்கொண்ட இடம். மொட்டைத் தலைக்காரர்களை இரண்டு பேரும் எடுப்பதில்லை.

வலத்துக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். எங்கே வரைக்கும் வலிக்கிறது என்று கேட்டார். வலது நெற்றிப்பொட்டிலிருந்து விரல் கிளம்பி, உச்சிக்கு முன்னால் ஏறி, இடப்பக்கம் கொஞ்சம் இறங்கி நின்றது. சாவிக்காரர் மனைவி சின்ன வயதிலிருந்தே கோணல் வகிடு எடுப்பவள். வகிடு இடது புருவத்துக்கு நேராகப் போகும். விரல் அந்த வகிட்டைத் தாண்டவில்லை.

மருத்துவரின் முகம் மலர்ந்தது. விதிப்படி வலி முழுவதும் வலப்பிரிவுக்குச் சொந்தம். ஆனால் இடத்துக்காரர் சும்மா விடமாட்டார் என்றும் அவருக்குத் தெரியும். கோணல் வகிட்டைக் காட்டித் தன் நிலத்தில் நாலு விரல்கடை பிடுங்கிக்கொண்டதாக அவர் சொல்வார். ஆகவே எல்லைக் குழுவைக் கூட்ட வேண்டும். குழு கூடும்வரை நீலப் பட்டை தற்காலிகமானது. அதுவரை வகிட்டை மாற்றக் கூடாது.

"ஊசி எப்போங்க போடுவீங்க?" என்று கேட்டார் சாவிக்காரர்.

இந்தக் கேள்விக்கு அங்கே யாரும் கோபப்படுவதில்லை. முதலில் வருத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த அறைக்கு அனுப்பினார்கள்.

அங்கே வருத்த ஆலோசகர் இருந்தார். இளைஞர். தேன் தடவின குரல். அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய தலை ஒன்று வரைந்து, பகுதிக்கொரு நிறம் பூசியிருந்தது. பிடரி வெளிறிய பச்சை. அதற்கு இலேசான சங்கடம். நெற்றிப்பொட்டு இளநீலம், அதற்கு மிதமான வருத்தம். கண்ணுக்குப் பின்னால் அடர்சிவப்பு. அதற்குக் கடும் துயரம். உச்சந்தலையை நிறமில்லாமல் விட்டிருந்தார்கள்.

"ஆயிரக்கணக்கான பேர்கிட்ட எங்க வலிக்குது, எவ்வளவு வருத்தப்படறீங்கன்னு கேட்டாச்சு," என்று அவர் விளக்கினார். "இடத்துக்கும் வருத்தத்துக்கும் நெருங்கின தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சுது. அதனால இப்போ வருத்தத்தைப் பத்தி யார்கிட்டயும் கேக்கறதில்ல. இடத்தை மட்டும் சொன்னாப் போதும், மீதியை நாங்க சொல்லிடுவோம். நோயாளிக்கு எவ்வளவு சிரமம் மிச்சம் பாருங்க."

மிதமான வருத்தத்துக்கு ஊசி உண்டா என்று கேட்டார் சாவிக்காரர். இல்லை என்றார் ஆலோசகர், இனிமையாக.

அப்போது சாவிக்காரர் மனைவி பேசினாள். கண்ணைத் திறக்க முடியாமல், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள். யாரிடமும் அவள் இப்படிச் சொல்லி சாவிக்காரர் கேட்டதில்லை.

"சார், எம்பொண்ணு அழுதா சத்தம் வராது. விழுந்து மொழங்கால் கிழிஞ்சாலும் வராது. எனக்காக அவ தொண்டைய மூடிக்கிட்டா. பள்ளிக்கூடம் திறந்தா அவளை என்கிட்டேருந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. கூட்டிட்டுப் போறதுதான் நியாயம். அதான் சார் எனக்கு..."

ஆலோசகர் நாகரிகமாகக் காத்திருந்தார். பிறகு, குழந்தை சத்தம் போடாமல் இருப்பது நோயாளிக்கு உதவியான சூழ்நிலை அல்லவா என்று கேட்டார். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. வலது நெற்றிப்பொட்டுக்கு இது ரொம்ப அதிகம். கண்ணுக்குப் பின்னாடி இருக்கறவங்களுக்குன்னு ஒதுக்கின வருத்தத்தை நீங்க எடுத்துக்கறீங்க. எல்லாரும் இப்படி அவங்கவங்க இஷ்டத்துக்கு எடுத்துக்கிட்டா, உண்மையிலயே வருத்தப்பட வேண்டியவங்களுக்கு என்ன மிஞ்சும்?"

வருத்தத்தை அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் குறைத்துக்கொள்ள வீட்டில் பயிற்சி செய்யச் சொன்னார். காலையும் மாலையும் கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு மிதமாக வலிக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். சாவிக்காரருக்கு அவரை ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பூட்டு திறக்காவிட்டால் பூட்டைத் திட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மனைவியின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படி இறங்கினார்.

எல்லைக் குழு, பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது கூடியது. சாவிக்காரருக்கு நம்பிக்கை முழுக்கப் போய்விடவில்லை. வலி முழுவதும் ஒரே பிரிவுக்குப் போய்விட்டால், அந்தப் பிரிவின் பரிந்துரையோடு உச்சி மாடிக்கு ஏறலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற இடம் என்று தெரிந்தும், ஏற வேண்டியிருந்தது.

நீளமான மேசைக்கு முன்னால் அவளை முக்காலியில் உட்காரவைத்தார்கள். அன்றைக்கு இரண்டு பக்கமும் வலி. இடத்துக்காரர் ஒரு கோடியில், வலத்துக்காரர் மறுகோடியில். இருவருக்கும் நடுவில் ஓர் ஊழியர் நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் திருப்பிச் சொன்னார். ஒரே அறையில் கேட்கும்படியாகத்தான் பேசினார்கள். ஆனால் ஊழியர் சொல்லும்வரை மற்றவர் காது கேட்காதவர்போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கோணல் வகிடு திட்டமிட்ட ஆக்கிரமிப்பு என்றார் இடத்துக்காரர். இயற்கையாக விழுந்த வகிடு என்றார் வலத்துக்காரர். இயற்கையா என்று பார்க்க, வகிட்டைக் கலைத்து நேராக வாரச் சொன்னது குழு. ஊழியர் சீப்பு எடுத்தார்.

வலி வந்த நாளில் அவள் தலையணையில் தலையை வைக்கவே பயப்படுவாள். மயிர்க்கால் ஒவ்வொன்றும் நெருப்பாக இருக்கும். சீப்பு முதல் தடவை இறங்கியபோது அவள் முக்காலியின் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் தடவை அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சாவிக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். அது குட்டியின் முகமாக இருந்தது. இத்தனை நாளும் குட்டி யாரிடம் அதைக் கற்றுக்கொண்டாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பிறகு மசிப்பேனாவால் அவள் நெற்றியிலிருந்து உச்சிவரை கோடு போட்டார்கள். கோடு பாதி போகும்போது அவள் வாந்தியெடுத்தாள். குழு பதறவில்லை. வாந்தி எந்தப் பக்கத்து வலியிலிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. இரண்டு தலைமை மருத்துவர்களும் அன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: வாந்தி தங்களுடையது அல்ல. மேல் முடிவு விடுமுறைக்குப் பின் என்று சொல்லிக் குழு கலைந்தது.

விடுமுறைக்குப் பின் என்றால் பள்ளிக்கூடம் திறந்த பிறகு.

தரையைத் துடைக்க வந்தவள்தான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். நெற்றிக்கோடு சோப்புக்குப் போகவில்லை. வீட்டில் குட்டி அதைப் பார்த்துவிட்டு, எச்சில் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாள். அம்மாவின் புருவம் சுருங்கியதும் கையை எடுத்துக்கொண்டாள்.

அக்கா சொன்ன வார்த்தை தவறாதவள். வந்தாள். முகத்தில் வெற்றியில்லை, அவளும் கண் கலங்கித்தான் இருந்தாள். பெட்டியில் துணியை அடுக்கியது சாவிக்காரர் மனைவிதான். ஒவ்வொரு சட்டையையும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். குட்டியிடம் அத்தை வீட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். பெரிய முற்றம் இருக்கிறது, அத்தை பிள்ளைகள் விளையாட வருவார்கள் என்றெல்லாம் சாவிக்காரர் சொன்னார். குட்டி கேட்டுக்கொண்டாள். பிறகு அவர் காதருகே வந்து, மூச்சுக்காற்றில் கேட்டாள்.

"அங்க சத்தம் போடலாமாப்பா?"

"எவ்வளவு வேணும்னாலும் போடலாம் கண்ணு," என்றாள், பக்கத்தில் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா.

குட்டியின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. அடுத்த கணமே அவள் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் அந்த வெளிச்சத்தைத் தானே அணைத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால்கூடச் சாவிக்காரர் தாங்கியிருப்பார். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அவள் நினைத்ததை, அதைவிடவும்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடியும் இறங்கினாள் குட்டி. தெருவுக்கு வந்துதான் மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சாவிக்காரர் மனைவி அழவில்லை. அழுதால் வலி கூடும் என்பது ஒன்று. அழுது என்ன ஆகிவிடப்போகிறது என்பது மற்றொன்று. சமைத்தாள், துணி துவைத்தாள், வலி வந்த நாளில் படுத்தாள். வலி இல்லாத நாளிலும் வீட்டில் இருவரும் பூனைபோல்தான் நடந்தார்கள்.

விடுமுறை முடிந்து நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, வேண்டாம் என்றாள். ஊசி கிடைத்துவிட்டால் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம் என்று சாவிக்காரர் கெஞ்சினார். அதற்காக வந்தாள். வருத்த ஆலோசகர்தான் அவளைப் பார்த்தார். வீட்டில் சத்தம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். குழந்தையால் தொந்தரவு உண்டா? இல்லை. அழுகை வருகிறதா? வரவில்லை. எதிலாவது ஆசை, எதிர்பார்ப்பு? அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்றாள். ஆலோசகர் ஒவ்வொரு பதிலுக்கும் நிமிர்ந்துகொண்டே வந்தார். கடைசிப் பதிலுக்கு எழுந்தே நின்றுவிட்டார்.

மிதமான வருத்தம். இளநீலம். அணு அளவும் பிசகாமல் வலது நெற்றிப்பொட்டுக்கு உரிய அளவு.

நிலையத்தின் வரலாற்றில் இடமும் வருத்தமும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது இல்லையாம். அந்த வாரமே பெரிய கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். மேடையில் அவளை நடுவில் உட்காரவைத்து, விளக்கை அவள்மேல் திருப்பினார்கள். இடத்துக்காரரும் வலத்துக்காரரும் அவளுக்கு இரண்டு பக்கத்திலும், ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். நிலையத்தின் இயக்குநர் பேசினார்.

"இந்த அம்மா இங்க வந்தப்போ, நெற்றிப்பொட்டு வலியை வச்சுக்கிட்டு, கண்ணுக்குப் பின்னாடி இருக்கறவங்களைவிட அதிகமா வருத்தப்பட்டாங்க. இன்னைக்கு அளவுக்குள்ள வந்துட்டாங்க. இதுக்காக நாங்க என்ன மருந்து குடுத்தோம்னு கேப்பீங்க. ஒண்ணும் குடுக்கல. வலியை நாங்க தொடவே இல்ல, அதைப் பெருமையாச் சொல்றேன். வலி இருந்த இடத்துல அப்படியே இருக்கு. தலைவலி தனக்கு வந்தாதான் தெரியும்னு ஒரு பழமொழி சொல்லுவாங்க. அதை நம்பி எத்தனையோ பேர் தன் வலியைத் தானே தெரிஞ்சுக்கப் பாத்துக் கெட்டுப்போறாங்க. இந்த அம்மா எங்ககிட்ட விட்டாங்க. இனி இவங்களுக்கு எதுவும் தேவையில்ல."

எதுவும் என்றால் ஊசியும்தான் என்பது சாவிக்காரருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

கூடம் கைதட்டியது. உயரமான கூரையில் பட்டு அந்தச் சத்தம் இரண்டாகத் திரும்பி வந்தது. அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். அடக்கத்தினால் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். கடைசி வரிசையில் கண்டக்டரம்மா மட்டும் தட்டவில்லை. சாவிக்காரர் மேடையேறி மனைவியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும்போது, அந்த அம்மாள் எழுந்துவந்து தன் தலையில் இருந்த ஈரத் துண்டை எடுத்து இவள் தலையில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. காலையில் அக்கா போன் செய்தாள். மனைவி ஜன்னலுக்குத் துணி போட்டுவிட்டு, அன்றைக்கு இரண்டு பக்கமும் வலியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அக்காவின் குரல் எதிரே உட்கார்ந்திருந்த சாவிக்காரருக்கும் கேட்டது.

"உம்பொண்ணையா ஊமைன்னாங்க? வந்து பாரும்மா. வீடு ரெண்டாகுது. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. நேத்து ஒரு பாட்டை ஆரம்பிச்சா, என் காது இன்னும் ரீங்காரமிடுது. இந்தா, பேசறா."

பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடுவது கேட்டது. அதில் ஒரு குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே, கீச்சென்று, கட்டவிழ்ந்து கத்திக்கொண்டு வந்தது. அது யாருடைய குரல் என்று இருவருக்கும் உடனே தெரியவில்லை. போன் அருகில் வந்ததும் சட்டென்று நின்றுவிட்டது. சாவிக்காரர் நகர்ந்து போய்ப் போனுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா," என்றது மூச்சு.

"சத்தமா பேசுடி கண்ணு. அம்மாவுக்கு நல்லாயிடுச்சு."

அந்தப் பக்கம் மூச்சு இன்னும் மெலிந்தது. அவள் சொல்வதைக் குட்டி நம்பவில்லை என்று சாவிக்காரருக்குத் தோன்றியது.

"இன்னைக்கு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டது மூச்சு.

"எதுக்குடி கேக்கற?"

"வலிக்காத காதுல வச்சுக்கோ. அப்பதான் நான் பேசுவேன்."

அவளுடைய உதடு கோணிக்கொண்டு வந்தது. போனை இந்தக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் காதிலும் அதே வலிதான். கொஞ்ச நேரம், ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு மாற்ற எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம், சும்மா இருந்தாள்.

"மாத்தி வச்சுக்கிட்டேன். சொல்லு," என்றாள்.

குட்டி பேச ஆரம்பித்தாள். முதலில் காற்றுபோல், பிறகு கொஞ்சம் குரல் வைத்து.